குறிநோக்கியும் குற்றமும்



கொல்லும் கருவி பழுதின்றி இருந்தால் கொலையின் குற்றம் குறையுமா? முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற நமக்குக் கேள்விகள் புதியன அல்ல. ஆயினும் சென்ற மார்கழித் திங்களில் கடிதமாக வந்த இக்கேள்வி, ஒரு வார காலம் நம்மை உறங்கவிடவில்லை.

எழுதியவர் நம்மிடம் ஐந்தாம் வகுப்பில் பயின்றவர்; நம் சமயத்தவர்; இப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடும்பத்துடன் வாழ்பவர். அம்மாநிலத்தில் நவம்பர் இறுதியில் ரைபிளால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். அதை ஒட்டிய திங்கட்கிழமையன்று நாட்டுப்புறப் பள்ளிகள் பலவற்றிற்கு விடுமுறையே விட்டுவிடுவார்கள். அவருடைய பக்கத்து வீட்டு முதியவரும் வேட்டைக்குச் செல்பவர். பருவம் தொடங்குமுன் பல நாள்கள் அவர் தம் ரைபிளின் மேல் பொருத்திய ஸ்கோப் என்னும் குறிநோக்கியைச் சோதித்துக்கொண்டே இருப்பாராம்.

ஒருநாள் அந்தி வேளையில் நம் மாணாக்கர் காரில் வீடு திரும்பினார். காரின் முன்விளக்கு ஒன்று பத்து நாள்களாக எரியவில்லை. நாளை மாற்றலாம், நாளை மாற்றலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார். சாலையின் குறுக்கே ஒரு பெண்மான் பாய்ந்தது. பின்னங்கால்கள் இரண்டும் முறிந்து வீழ்ந்த அது, காவலர் வந்து அதன் துயரை முடிக்கும்வரை முக்கால் மணி நேரம் துடித்தது. செய்தி கேட்டு வந்து உடன் நின்ற பக்கத்து வீட்டு முதியவர், இப்படி ஒரு காட்சியைக் காணலாகாது என்பதற்காகவே தாம் ஆண்டுதோறும் கருவியைச் சோதிப்பதாகச் சொன்னாராம்.

“டீச்சர், அவர் கொல்வதற்கென்றே செல்பவர். நானோ எறும்பையும் மிதிக்க எண்ணாதவன். ஆனால் மானுக்கு மிகுந்த துன்பம் தந்தவன் நான்தான். எங்கள் இருவரில் இம்சை செய்தவர் யார்?” இதுவே அவர் வினா.

விடை கூறுமுன் அக்குறிநோக்கியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அது ஒரு சிறு தொலைநோக்கி. உள்ளே சிலுவை போன்ற கோடுகள் தெரியும். அவை கூடும் இடத்தில் குண்டு சென்று பட வேண்டும். அவ்வாறு பொருந்தச் செய்தற்கு மேலும் பக்கத்திலும் திருகுமுனைகள் உண்டு. பெரும்பாலான கருவிகளில் ஒரு சொடுக்குத் திருகினால், 100 கெஜத் தொலைவில் குண்டு படும் இடம் ஏறக்குறைய கால் அங்குலம் நகரும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. அந்த உதையால் பிடிப்புத் திருகாணிகள் தளரலாம். கீழே விழுந்தால் உள்ளமைப்பு நிலை பெயரலாம். குளிரில் கண்ணாடியின் உட்புறம் ஈரம் படியாதிருக்க நைட்ரஜன் அல்லது ஆர்கான் வாயுவை நிரப்பி மூடுவர். அம்மூடாக்கு கசிந்தால் பார்வை மங்கும்.

பிழை சிறிதாயிற்றே எனலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதி ஏறத்தாழ எட்டு அங்குல அகலம். அதன் நடுவைக் குறிவைப்பவருக்கு எப்பக்கமும் நான்கு அங்குலமே இடமுண்டு. 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் விலகும் கருவி, 200 கெஜத்தில் நான்கும் 300 கெஜத்தில் ஆறும் விலகும். அப்போது குண்டு குடலிலோ காலிலோ பாயும். மான் உடனே வீழாது; காட்டினுள் ஓடி மறைந்து, மணிக்கணக்கில், சிலவேளை நாள்கணக்கில் துன்புற்று மடியும்.

இதனை உணர்ந்தே பல நாடுகள் விதிகள் வகுத்துள்ளன. நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்வோர் ஆண்டுதோறும் சுடுதேர்வில் தேற வேண்டும். 100 மீட்டர் தொலைவிலுள்ள விலங்குருவில் ஐந்து குண்டுகளும் உரிய வட்டத்துள் பட வேண்டும். காயமுற்ற மானைத் தேடிக் கண்டறியப் பழக்கிய நாயும் ஏற்பாட்டில் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், வலிமை குறைந்த ரைபிள்களால் மானைச் சுடுவதைத் தடுக்கிறது. ஆகவே வேட்டையாடும் சமுதாயங்களிலும் இரக்கம் முற்றும் அற்றுப்போகவில்லை. அதனை நாம் ஏளனம் செய்தல் தகாது.

எனினும் அவ்விரக்கம் எதனைக் குறைக்கிறது? கொலையின் துன்பத்தைக் குறைக்கிறது; கொலையைக் குறைக்கவில்லை. நம் ஆன்றோர் இம்சையை நால்வகையாகப் பிரித்தனர். இல்லறச் செயலில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது ஆகிய மூன்றும் இல்லறத்தார்க்கு முற்றும் தவிர்த்தற்கு அரியன. எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப இம்சையோ எவர்க்கும் விலக்கப்பட்டது. வேட்டை அவ்வகையினது, எழுவகை வியசனங்களுள்ளும் ஒன்று. குறிநோக்கி எத்துணைத் திருத்தமாயினும் அது சங்கல்பத்தைத் தொடுவதில்லை. இன்னும் சொன்னால், அச்சங்கல்பம் தவறாது நிறைவேறவே அது துணை செய்கிறது.

மான்கள் பெருகிவிட்டனவே, வேட்டையின்றிக் காடு அழியுமே என்பர். இதனைத் தள்ளிவிட முடியாது. 1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஐந்து இலட்சத்தினும் குறைவாகச் சுருங்கியிருந்த வெண்வால் மான்கள், இன்று ஏறத்தாழ மூன்று கோடி என மதிப்பிடுவர். ஆனால் மானைத் தின்னும் ஓநாய்களைப் பெரும்பாலான நிலங்களில் ஒழித்தவரும் மனிதரே. ஆல்டோ லியோபோல்டு என்னும் வனத்துறை அறிஞர் இளமையில் தாமே ஓநாயைச் சுட்டவர். பின்னர் மனம் மாறி, ஓநாய் இல்லாத மலையை மான்களே மேய்ந்து அழிக்கும் என்று எழுதினார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1949இல் அந்நூல் வெளிவந்தது. ஒரு கொலையின் விளைவைத் திருத்த மற்றொரு கொலை தேவைப்படுவதாயின், அது முதற் கொலையின் கடனேயன்றி இரண்டாவதன் புண்ணியம் அன்று. அந்நாட்டார் அக்கடனை எவ்வாறு தீர்ப்பது என்று இங்கிருந்து தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. வேட்டையை அறமென்று மட்டும் நம்மால் ஒப்ப இயலாது.

அப்படியானால் நம் மாணாக்கர் குற்றமற்றவரா? அதுவும் அன்று. இம்சைக்கு வேர் பிரமாதம், அதாவது அசட்டை, என்பது நம் ஆகமங்களின் துணிபு. கொல்லும் எண்ணம் இல்லாமை ஓர் அறம். கருத்தோடு நடத்தல் மற்றோர் அறம். முன்னது இருப்பதால் பின்னது தானே வந்துவிடுவதில்லை. முதியவருக்குக் கருத்து இருந்தது, எண்ணம் தீதாயிற்று. மாணாக்கருக்கு எண்ணம் நன்றாயிருந்தது, கருத்து இல்லாது போயிற்று. “நான் நல்லெண்ணம் உடையவன்” என்னும் நிறைவே அவ்விளக்கை மாற்றவிடாமல் பத்து நாள் தடுத்தது போலும்!

ஆகவே அவருக்கு இவ்வாறு எழுதினோம்: “தம்பி, அம்முதியவரினும் நான் மேலானவன் என்றும் எண்ணாதே, அவர் செய்வதே சரி என்றும் மயங்காதே. அவர் கருவியின்பால் காட்டும் கவனத்தைக் கற்றுக்கொள். அதனை உயிரைக் காக்கப் பயன்படுத்து. இனி அந்தி வேளையில் மெல்லச் செல். அந்த மானுக்காக வருந்துவது நன்று. அவ்வருத்தம் விளக்கில் போய் முடியட்டும்.”

கடிதத்தை அஞ்சலில் சேர்த்துத் திரும்பியபோது, வாசலில் நிற்கும் நம் பேரனின் வண்டியைப் பார்த்தோம். நாள்தோறும் கண்ணில் படுவதுதான். இதுகாறும் அதன் விளக்கை நாம் நோக்கியதில்லை. முடுக்கிக் காட்டச் சொன்னோம். மங்கலாகவே எரிந்தது. அன்றே மாற்றச் செய்தோம். வாசகர்களும் தத்தம் இல்லத்தில் அவ்வாறு ஒருமுறை நோக்குவார்களாக.