விளையாட்டுப் பொய்

சிரிக்க வைப்பதற்காகச் சொல்லும் பொய் பாவமா என்பது கிறித்தவ அறவியலின் பழைய கேள்வி. ஏறத்தாழ 395இல் பொய்யைப் பற்றித் தனி நூல் எழுதிய புனித அகுஸ்தீன், வேடிக்கைப் பேச்சைப் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்பவரின் குரலும் மனநிலையுமே அது விளையாட்டு என்று காட்டிவிடும் என்றார். 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் கண்டிப்பானவர்: விளையாட்டுப் பொய்யும் பொய்யே; ஆனால் சிறு பாவம்.

விளம்பரத்தையும் நகைச்சுவையையும் சேர்த்தே தொழிலாக்கிய அமெரிக்க எழுத்தாளர் ஆலன் ஏபலின் வாழ்க்கை இக்கேள்வியைக் கூர்மையாக்குகிறது. விலங்குகளுக்கு ஆடை உடுத்தக் கோரும் போலி இயக்கம் ஒன்றை 1959இல் அவர் தொடங்கினார். அதன் தலைவராக நடித்தவர், பின்னாளில் திரைக்கதையாசிரியராகப் புகழ்பெற்ற பக் ஹென்றி. தணிக்கை மனப்பான்மையைப் பகடி செய்த அந்த இயக்கத்தைப் பலர் உண்மையென்றே நம்பினர்.

அகுஸ்தீன் தரும் விலக்கு இங்கே உதவாது. கேட்பவர் விளையாட்டென்று உணர்ந்தால்தான் அந்த விலக்கு. ஏபலின் கலையோ, கேட்பவர் உணராதவரை மட்டுமே பலிக்கும். ஆனால் உண்மை வெளிப்பட்டதும் பார்வையாளருக்குத் தம் மூடத்தனம் புலப்படும். அந்தப் பயன் சிறிதல்ல. 1980இல் அவர் தம் மரணச் செய்தியையே நியூயார்க் டைம்ஸில் வரவழைத்தது வேறு வகை. அங்கே பகடிக்கு இலக்கான மூடத்தனம் எதுவும் இல்லை; மரணத்தை மதித்து எழுதியவர்களின் நம்பிக்கைதான் பயன்படுத்தப்பட்டது. நாளிதழ் அச்செய்தியைத் திரும்பப் பெற்றது. 2018இல் அவர் உண்மையாகவே இறந்தபோது, அதே நாளிதழ் பழைய பொய்யையும் நினைவூட்டியே இரங்கல் எழுதியது.