காலம் கடந்த கண்ணீர்



'கர்ணன்' படத்தைப் பற்றித் தெரியாத தமிழ் வீடு நம் நாட்டில் குறைவு. 1964-இல் பி. ஆர். பந்துலு இயக்கிய படம். 2012-இல் தமிழ்நாட்டில் மெருகேற்றி மறுபடியும் திரையிட்டபோதும் கூட்டம் வந்தது. கர்ணனாக நடித்த சிவாஜி அம்பு பட்டுச் சாய்ந்து கிடப்பார். குந்தி வந்து, என் மகனே என்று கதறுவார். அம்மாவும் பாட்டியும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நம்மில் சிலர், "அழுகை ரொம்ப ஓவர்லா" என்று சிரிப்போம்.

சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் வியாச பாரதத்தில் இந்தக் கதை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டால் சிரிப்பு நின்றுவிடும். படத்தில் அழுகை போர்க்களத்தோடு முடிகிறது. வியாசரிடம் அது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

18 நாள் போர் முடிந்துவிட்டது. இறந்தவர்களுக்கு நீர்க்கடன் செலுத்த எல்லாரும் கங்கைக் கரையில் நிற்கிறார்கள். அப்போதுதான் குந்தி வாய் திறக்கிறாள். கர்ணனுக்கும் தண்ணீர் விடுங்கள், அவன் உங்களுக்கு மூத்தவன் என்கிறாள். தர்மர் உடைந்து போகிறார். ஜெயித்த ராஜ்யம் அவருக்குக் கசக்கிறது.

பிறகு நாரதரிடம் அவர் ஒரு விஷயம் சொல்கிறார். சூதாட்ட மண்டபத்தில் கர்ணன் கடுமையாகப் பேசியபோது தர்மருக்குக் கோபம் பொங்கியதாம். ஆனால் கர்ணனுடைய பாதத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் அடங்கிவிட்டதாம். அந்தப் பாதம் அம்மாவின் பாதம் போலவே இருந்தது. ஏன் என்று யோசித்தும் அவருக்குப் புரியவில்லை. ஆள் போன பிறகுதான் புரிகிறது. மகாபாரதத்தில் எத்தனையோ அஸ்திரங்கள் வருகின்றன. எனக்கு இந்தப் பாதத்தைவிடக் கூர்மையான ஒன்று தெரியவில்லை.

யார் தப்பு இது? கிருஷ்ணருக்கு உண்மை தெரியும். போருக்கு முன்பே கர்ணனிடம் சொன்னார். கர்ணனோ, தர்மரிடம் சொல்லிவிடாதீர்கள், தெரிந்தால் அவர் ராஜ்யத்தை என்னிடம் கொடுத்துவிடுவார் என்று கேட்டுக்கொண்டான். குந்தியும் கர்ணனைத் தனியாகப் போய்ப் பார்த்தாள். அர்ஜுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்ல மாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான். மறைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. போரை நிறுத்தியிருக்கக்கூடிய ஒரே ஆளுக்கு மட்டும் விஷயம் போய்ச் சேரவில்லை.

பொறியியலில் ஃபீட்பேக் என்று ஒன்று படிக்கிறோம். இயந்திரம் எங்கே பிசகுகிறது என்ற தகவல் திரும்ப வந்தால்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். தகவல் சரியாகவே இருந்தாலும் ரொம்பத் தாமதமாக வந்தால், இயந்திரம் இன்னும் மோசமாக ஆடத் தொடங்கும். குடும்பமும் அப்படித்தான். "உன்மேல எனக்குக் கோபம் இல்லப்பா" என்ற ஒரு வரி, நேரத்தில் வந்தால் மருந்து. சாவு வீட்டில் வந்தால் அதுவே புண்.

உண்மை தெரிந்ததும் தர்மர் முதலில் என்ன செய்தார்? அம்மாவைக் குறை சொன்னார். இனி எந்தப் பெண்ணாலும் ரகசியம் காக்க முடியாமல் போகட்டும் என்று சபித்தே விட்டார். தர்மத்தின் மகனே இப்படி! துக்கம் வந்ததும் மனம் முதலில் ஒரு குற்றவாளியைத் தேடுகிறது.

நம் சாவு வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? "நீ ஏன் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?" "கடைசி நேரத்துல நீ எங்க போயிருந்த?" 16-ஆம் நாள் கருமக்கிரியை முடிவதற்குள் அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிடுகிறது. அழ வேண்டிய கண்ணீரைச் சண்டையாக மாற்றிவிடுகிறோம். அம்மாவை இழந்த வீடு, அதே மாதத்தில் ஓர் அண்ணனையும் இழக்கிறது.

தர்மர் அடுத்து எல்லாவற்றையும் விட்டுக் காட்டுக்கு ஓடப் பார்த்தார். தம்பிகள், திரௌபதி, வியாசர், கிருஷ்ணர் எல்லாரும் தடுத்தார்கள். ஓடுவது கழுவாய் ஆகாது. மிச்சம் இருப்பவர்களைத் தாங்குவதுதான் கழுவாய். கர்ணனுக்குத் தம்பியாக நின்று நீர்க்கடன் செய்தார். கர்ணனுடைய குடும்பத்தாரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். திதி கொடுப்பதன் பொருளும் இதுதான் என்று நினைக்கிறேன். போனவருக்கு எள்ளும் தண்ணீரும். இருப்பவருக்கு, இனி நான் இருக்கிறேன் என்ற வாக்கு.

இதற்குப் பிறகு வருவதுதான் நான் சொல்ல வந்த விஷயம். பீஷ்மர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அம்புப் படுக்கையில், உத்தராயணத்துக்காகக் காத்திருக்கிறார். கிருஷ்ணர் தர்மரை அவசரப்படுத்துகிறார்: இவர் போனால் இவருடைய அறிவும் கூடவே போய்விடும், இப்போதே போய்க் கேள். தர்மருக்குக் கூச்சம். இத்தனை பேரைச் சாகடித்துவிட்டு எந்த முகத்தோடு தாத்தா முன்னால் நிற்பது? ஆனாலும் போனார். கேட்டார். தாத்தா கோபப்படவில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். சாந்தி பருவமும் அனுசாசன பருவமும் அப்படி வந்தவைதான். விஷ்ணு சகஸ்ரநாமமும் அந்தப் படுக்கையிலிருந்துதான் நமக்குக் கிடைத்தது.

கர்ணனிடம் தர்மர் பிந்திவிட்டார். அதை மாற்ற முடியாது. ஆனால் பீஷ்மரிடம் அவர் பிந்தவில்லை. காலம் கடந்து வந்த வருத்தத்துக்கு உள்ள ஒரே பயன் இது: அடுத்த ஆளிடம் நேரத்தோடு போக வைக்கிறது. அப்படிப் போகாத வருத்தம் வெறும் அழுகை. படம் முடிந்ததும் காய்ந்துவிடும்.

தோழர்களே, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பீஷ்மர் இருக்கிறார். எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்று நாம் இதுவரை கேட்காத பாட்டி. ஓவர்டைம் முடித்து வந்து, டிவி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அப்பா. வீட்டுப் பங்குச் சண்டையில் பேச்சு விட்டுப்போன பெரியப்பா. அவர்களில் ஒருவரிடமாவது இந்த வாரம் போங்கள். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் அனுப்பினால் போதாது. நேரில் போய் உட்காருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் கேளுங்கள். வார்த்தை வரவில்லையா? "சாப்பிட்டீங்களா?" என்று தொடங்குங்கள், போதும். அப்படியே அவர் பாதத்தையும் ஒருமுறை பாருங்கள். யாருடைய பாதம் மாதிரி இருக்கிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.