அறியாமை குற்றமாகுமா?

இலண்டனில் வாழும் என் தங்கையின் இல்லத்தில் சென்ற கோடையில் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு பிற்பகலில் தங்கையும் அவள் கணவரும் பத்து வயது மகளும் என்னை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்தார்கள். நகரின் பேரருங்காட்சியகங்களைச் சுற்றிக் கால் சலித்திருந்த எனக்கு, "இது சின்னதுதான் மாமா, ஒரே அறை" என்று மருமகள் சொன்னது ஆறுதலாக இருந்தது.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சொந்தமான கிராண்ட் விலங்கியல் அருங்காட்சியகம் அது. இராபர்ட் எட்மண்ட் கிராண்ட் என்னும் பேராசிரியர் தம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக 1827இல் தொடங்கிய சேகரிப்பு. எடின்பரோவில் இளைஞர் டார்வினைக் கடல்வாழ் உயிர்களின் ஆய்வில் ஈடுபடுத்தியவரும் இவரே. பழைய மரப் பேழைகளில் எலும்புகளும் சாடிகளும் நெருங்கி நிற்கின்றன. மேல்மாடத்தின் கைப்பிடியில் வாலில்லாக் குரங்குகளின் எலும்புக்கூடுகள் சாய்ந்துகொண்டு வருவோரைக் குனிந்து பார்க்கின்றன. அவற்றின் வரிசையில் மனிதனுடையதும் உண்டு. மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் மோல் என்னும் சிறு விலங்குகள் பதினெட்டை ஒரே கண்ணாடிச் சாடியில் அடைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதைச் சுற்றிக் கூடியிருந்தனர். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது பாவம் இல்லையா அண்ணா?" என்றாள். குருவானவரிடம் அப்படிக் கேட்டால் ஏதேனும் விடை வந்தாக வேண்டும். அன்று வரவில்லை.

என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. குதிரையைப் போன்ற ஓர் எலும்புக்கூடு. குவாகா என்னும் விலங்கினுடையது. தென்னாப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழ்ந்த வரிக்குதிரை வகை அது. கழுத்திலும் முன்னுடலிலும் மட்டும் வரிகள், பின்னுடல் வெறும் பழுப்பு. தோலுக்காகவும் இறைச்சிக்காகவும், ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்குப் போட்டியாக இருந்ததற்காகவும் குடியேறியோர் அதைச் சுட்டுத் தீர்த்தனர். இறுதியாக எஞ்சிய பெண் குவாகா 1883 ஆகஸ்டு 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. அதன் எலும்புக்கூடுகள் உலகில் ஏழே உள்ளன என்கிறார்கள்.

இந்த எலும்புக்கூடும் நெடுங்காலம் வரிக்குதிரை என்ற பெயரிலேயே இங்கு நின்றிருந்தது. 1970களில் வல்லுநர்கள் ஆராய்ந்தபோதுதான், வரிக்குதிரைகள் எனக் கருதப்பட்ட இரண்டில் ஒன்று குவாகா என்றும் மற்றொன்று வெறும் கழுதை என்றும் தெரியவந்தது! கற்றறிந்தோர் நாள்தோறும் நடமாடிய அறையில் இப்படி.

மருமகள் கேட்டாள்: "அதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா சாக விட்டிருக்க மாட்டாங்க, இல்லையா மாமா?"

ஆம் என்று சொல்லிவிடத் தோன்றியது. ஆயினும் அது உண்மைதானா? ஓர் இனத்தையே கொன்றவன் என்று எவனுமில்லை. ஒவ்வொருவனும் ஒரு விலங்கை, மிஞ்சினால் ஒரு மந்தையைச் சுட்டான், அவ்வளவே. மேலும், குவாகா என்ற சொல்லை அந்நாட்டவர் எல்லா வரிக்குதிரைகளுக்கும் பொதுவாக வழங்கிவந்தனர். அதன் குரலொலியைக் கேட்டுக் கோய்கோய் மக்கள் இட்ட அழகிய பெயர் அது. பெயர் பொதுவாகிப் போனதால், "குவாகாக்கள்தாம் இன்னும் நிறைய இருக்கின்றனவே" என்று எவரும் நிறைந்த மனத்தோடு சொல்ல முடிந்தது. தொடக்க நூலில் ஆதாம் உயிரினங்களுக்குப் பெயரிடுவதைப் பெருமையோடு போதித்து வந்திருக்கிறேன். பெயரிட்டபின் திரும்பிப் பாராமலே இருக்கலாம் என்பதை அந்தப் பேழையின் முன்தான் உணர்ந்தேன்.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாட்களில் அறியாமையை வகைப்படுத்திப் பார்த்தோம். எவ்வளவு முயன்றாலும் வெல்ல முடியாத அறியாமை ஒருவனைக் குற்றத்தினின்று விடுவிக்கும். அறிய முடிந்ததையும் அறிய வேண்டியதையும் அசட்டையால் அறியாதிருப்பவன் அப்படித் தப்ப இயலாது என்கிறார் புனித தோமா அக்குவினா. வசதிக்காக வேண்டுமென்றே அறியாதிருப்பது இன்னும் மோசம். தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண்ணே பெற்றேன்.

பல ஆண்டுகளுக்குமுன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் மூதாட்டி ஒருவர் நாள்தோறும் விடியற்காலைத் திருப்பலிக்குமுன் கோவில் முற்றத்தைக் கூட்டிவைப்பார். ஆறு ஆண்டுகள் அவரைப் "பாட்டி" என்றே அழைத்தேன். ஊரும் அப்படியே அழைத்தது. ஒரு மழைக்கால இரவில் அவர் இறந்தார். இறப்புப் பதிவேட்டில் எழுதப் பெயர் கேட்டேன். கோவில்பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொன்னார். அதையே எழுதினேன், அடக்கத் திருப்பலியிலும் அந்தப் பெயரையே சொல்லி மன்றாடினேன். முப்பதாம் நாள் வெளியூரிலிருந்து அவருடைய தம்பி வந்தார். "சாமி, அது இவுக பேரு இல்லை. சின்ன வயசுலேயே செத்துப்போன எங்க மூத்த அக்கா பேரு" என்றார். குரலில் கோபமே இல்லை.

அவர் திருமுழுக்குப் பெற்றதும் அதே கோவிலில்தான். அந்தப் பதிவேடு என் அறையின் அலமாரியில் இருந்தது. அரைமணி நேரம் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். அன்று மாலையே தேடி எடுத்தும் விட்டேன். முற்றம் தூய்மையாக இருந்தவரையில் எனக்குப் "பாட்டி" என்ற சொல்லே போதுமாக இருந்தது. இதை எந்த வகை அறியாமையில் சேர்ப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை.

குவாகாவின் தொலைந்துபோன பின்னங்காலை 2015இல் செய்து பொருத்தியிருக்கிறார்கள். மறுபக்கக் காலைக் கணினியில் படமெடுத்து, திருப்பி அச்சிட்ட கால். தென்னாப்பிரிக்காவிலோ 1987 முதல் வரிக்குதிரைகளைத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்து, குவாகாவின் தோற்றமுடைய குட்டிகளைப் பெறுகிறார்கள். இது ஈடுசெய்தலாகுமா? தோல் ஒத்திருப்பதால் இழந்த உயிர் திரும்பிவிட்டதாக என் மனம் ஒப்பவில்லை. ஆனால் பெயரட்டையைத் திருத்தியது சரி. நானும் பதிவேட்டில் தவறான பெயரை ஒற்றைக் கோட்டால் அடித்து, ஓரத்தில் சரியானதை எழுதிக் கையொப்பமிட்டேன். அடித்த பெயரும் இன்றுவரை படிக்கும்படியே இருக்கும்.

திரும்பும் வழியில், பேருந்தின் மேல்தளத்தில், மருமகளிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பாட்டி பேரு என்ன மாமா?" என்றாள். சொன்னேன். அந்தப் பெயரிலுள்ள ழகரம் அவள் நாவுக்கு எளிதில் வரவில்லை. மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.