கடனாளியின் உணவு

கடன்பட்டவன் வயிறார உண்ணுதல் முறையோ என்று அன்பர் சிலர் வினவுகின்றனர். புத்த பகவான் அனாதபிண்டிகருக்கு உரைத்த இல்லறத்தான் இன்பங்கள் நான்கனுள் கடனின்மையும் ஒன்று. ஆயினும் ஆளவியில், தொலைந்த காளையைத் தேடிக் களைத்து வந்த உழவனுக்கு முதலில் சோறிடச் செய்து, பின்னரே அவர் அறமுரைத்தார் என்று தம்மபத உரை கூறும்.

ஆதலின் உணவின் விலையைக் குறைக்கலாம். அளவைக் குறைத்தல் ஆகாது. தங்கவயலில் நமக்குப் பழகிய கேழ்வரகுக் களியும் கொள்ளுச் சாறும் இழிந்தவையல்ல. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் பத்திலொரு பங்கும் இல்லை. (விருந்தினர் வந்தால் மட்டும் களிப்பானையை மறைக்கிறோம்!)

வட்டிக்காகத் தாய் தன் கலத்தைக் காலியாக வைப்பதைச் சிக்கனமென்று புகழ்வோர் உளர். கூலிக்குச் செல்பவள் அவளே. அவள் சோர்ந்து வீழ்ந்தால் கடனை அடைப்பவர் யார்? தவணையைத் தள்ளித் தருமாறு கேட்டிருக்கலாம். கேட்க நாணினோம்.