இருக்கும்போதே தாங்குவோம்

நெடுங்காலம் ஊரில் வாழ்ந்த பெரியவர் ஒருவர் மறைந்தால் "கலியாணச் சாவு" என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். வயது நிறைந்தது என்பதால் மட்டும் ஒரு வாழ்வு நிறைந்துவிடாது. அந்த வயதெல்லாம் எதில் கழிந்தது என்பதையே அய்யா பார்க்கிறார். இதை விளங்கிக்கொள்ள, நாடறிந்த ஒரு பாட்டியின் வாழ்க்கையைச் சொல்லுகிறேன்.

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் ரங்கம்மாள் என்கிற பாப்பம்மாள். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். அவருடைய பாட்டிதான் எடுத்து வளர்த்தார். பாட்டி வைத்திருந்த சிறு கடையைப் பிறகு பாப்பம்மாள் நடத்தினார். சாப்பாட்டுக் கடையும் வைத்தார். மிச்சம் பிடித்த காசில் பத்து ஏக்கர் அளவுக்கு நிலம் வாங்கினார். முதுமையில் இரண்டரை ஏக்கரில் வாழையும் காய்கறியும் பயறும் இயற்கை முறையில் விளைவித்தார். ஊராட்சி உறுப்பினராக இருந்து ஊர்க்காரியமும் பார்த்தார். நூறு வயதைத் தாண்டியும் விடிந்ததும் தோட்டத்தில் இருப்பார். 2021-ல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 2024 செப்டம்பர் 27 அன்று காலமானார்.

அந்த அம்மா நம் வழியைச் சேர்ந்தவர் என்று சொல்ல வரவில்லை. தர்மம் யார் வீட்டில் நடந்தாலும் அது அய்யாவுக்கு உகந்ததுதான். இந்த வாழ்க்கையில் இரண்டு காரியம் கவனியுங்கள். தன் கையால் உழைத்துப் பிறர் பசியாற்றியது ஒன்று. தாயில்லாப் பிள்ளையை ஒரு கிழவி தாங்கியது மற்றொன்று. அன்றைக்கு அந்தக் கிழவி தாங்கியிராவிட்டால் பின்னால் பத்மஸ்ரீ ஏது? நாம் கும்பிடும் இடத்துக்கு நிழல் தாங்கல் என்று பெயர் இருக்கிறதே, அந்தப் பெயரிலேயே நம் கடமை அடங்கியிருக்கிறது.

நம் வத்தல்மலையில் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல. தார்ச்சாலை வருமுன், நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் டோலி கட்டித் தோளில் சுமந்துதான் கீழே இறக்கினார்கள். செத்தவரைத் தூக்க நாலு பேர் எங்கும் வருவார்கள். உயிரோடு இருப்பவரைத் தூக்கக் காடும் மேடும் நடந்த தோள்கள் அவை. சாமையும் ராகியும் விதைத்து நம்மை வளர்த்த அந்தப் பெரியவர்கள் இன்று திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் பிழைப்புக்காக ஓசூர், பெங்களூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள். பிழைக்கப் போனதில் குற்றமில்லை. ஆனால் சாவுச் செய்தி வந்தால் மட்டும் மலையேறி வருவதும், உயிரோடு இருந்தபோது ஒரு வாய் கஞ்சி கொடுக்காதவர்கள் பந்தலும் பட்டாசும் மாலையுமாகச் செலவு செய்வதும் தர்மம் ஆகுமா?

நம் முறைப்படி இறந்தவரை வடக்கு நோக்கித் தவக்கோலத்தில் அமர்த்தி, நாமம் இட்டு அடக்கம் செய்கிறோம். தர்மயுகத்தில் அய்யா எழுப்புவார் என்று நம்புகிறோம். அந்தக் குழிக்குள் நிலப்பத்திரமும் போகாது, விருதும் போகாது. செய்த தர்மம் ஒன்றுதான் கூட வரும். காணிக்கை கேட்காத அய்யா நம்மிடம் கேட்பதும் அதைத்தான்.

ஆகையால் ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை பணிவிடை முடிந்ததும், நடக்க முடியாத முதியவர் வீட்டுக்கு அன்னதர்மச் சோற்றை ஒருவர் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு உடனே திரும்பாமல் பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். எந்த விதையை எந்த மாதம் போட்டார்கள், எந்த ஊற்றில் கோடையிலும் தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லாமல் போய்விட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்போம்? வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வாரம் ஒருமுறையாவது போனில் பேசுங்கள். சாவுக்கு எடுக்கும் லீவில் இரண்டு நாளை இப்போதே எடுத்து வந்து பாருங்கள்.

பெரியவர்களைத் தாங்குகிற வீட்டில் அய்யா இருக்கிறார்.

அய்யா உண்டு!