படையும் படையலும்

தமிழிலே ‘படை’ என்பது பல பொருள் தரும் ஒரு சொல். வாள், வேல், வில் முதலிய ஆயுதங்கள் படை எனப்படும். அவற்றை ஏந்தி நிற்கும் சேனையும் படை எனப்படும். திருக்குறளிலே படைமாட்சி, படைச்செருக்கு என்னும் இரண்டு அதிகாரங்களும் சேனையைப் பற்றியவை. இறைவன் உலகைத் தோற்றுவிக்கும் திருத்தொழிலுக்கும் படைத்தல் என்றே பெயர். அடியவர்கள் வாழையிலையிலே சோறும் கறியும் பழமும் இட்டு இறைவனுக்கு நிவேதிப்பதும் படைத்தல். அப்படி வைத்தது படையல்.

வெட்டும் கருவிக்கும், ஆக்கும் தொழிலுக்கும், அன்போடு இடும் அமுதுக்கும் ஒரே சொல் அமைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. தேங்காய் உடைக்கும் கத்தி மடைப்பள்ளியிலே இருக்கும்போது தொண்டுக்கு உதவுகின்றது. அதே கத்தியைச் சினங்கொண்ட ஒருவன் எடுத்தால் அது கொலைக்கருவியாகி விடுகின்றது. இரும்பு மாறவில்லை, எடுத்த கையும் மனமுமே மாறின. சைவ சமயம் இவ்வுண்மையைத் தனது திருவுருவங்களாலும் அடியார் வரலாறுகளாலும் விளக்கி வைத்திருக்கின்றது.

திருக்கரங்கள் உணர்த்துவது

எக்கருமத்தைத் தொடங்கும்போதும் முதலில் வணங்கப்படும் விநாயகப் பெருமானுக்கு ஐங்கரன் என்று பெயர். ஐந்தாவது கரம் துதிக்கை. ஏனைய கரங்களிலுள்ள பாசமும் அங்குசமும் யானையைப் பிணிக்கவும் செலுத்தவும் பாகன் வைத்திருக்கும் கருவிகளாகும். யானைமுகப் பெருமானே அவற்றை ஏந்தி நிற்பது, மதங்கொண்டு திரியும் மனத்தை அடக்குவதற்காக என்று பெரியோர் கூறுவர். ஒடிந்த கொம்பு ஒரு கரத்தில் இருக்கின்றது. அக்கொம்பினாலே கயமுகாசுரனை வென்றார் என்பது கந்தபுராண வரலாறு. வியாசர் சொல்லச் சொல்ல அக்கொம்பினாலேயே பாரதத்தை எழுதினார் என்பது மற்றொரு மரபு. ஒரே கொம்பு படையுமாயிற்று, எழுத்தாணியுமாயிற்று. இன்னொரு கரத்திலே அடியார் படைத்த மோதகம் இருக்கின்றது.

நடராசப் பெருமானின் உடுக்கு ஏந்திய கரம் படைத்தலையும், அமைத்த கரம் காத்தலையும், தீ ஏந்திய கரம் அழித்தலையும் குறிக்கின்றன. வீசிய கரம் அருள் தரும் தூக்கிய திருவடியைச் சுட்டி நிற்கின்றது. தீயை ஏந்திய பெருமானே ‘அஞ்சாதே’ என்று அபயகரமும் காட்டுகின்றார். பொலன்னறுவையில் கிடைத்து, கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டுள்ள நடராசர் திருமேனியிலும் இதனைக் கண்டு வணங்கலாம்.

முருகப் பெருமானின் பன்னிரு திருக்கரங்களும் செய்யும் தொழில்களை நக்கீரர் திருமுருகாற்றுப்படையிலே எடுத்துரைக்கின்றார். போர்க்கருவி சுழற்றும் கரங்களோடு மழை பொழிவிக்கும் கரமும், மணமாலை சூட்டும் கரமும் அங்கே சொல்லப்படுகின்றன. ஆற்றுப்படை என்பதிலே ஆறு என்றால் வழி. நல்வழியிலே செலுத்துவது ஆற்றுப்படுத்தல்.

வேல் செய்த அருள்

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் ஈழத்துச் சைவ ஆலயங்களிலே தொன்றுதொட்டுப் படித்துப் பயன் சொல்லப்பட்டு வருகின்றது. அதனைக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். பெருமான் சூரபன்மன் மீது உடனே வேலை விடவில்லை. தேவர்களைச் சிறையிலிருந்து விடும்படி கூறி முதலில் வீரவாகு தேவரைத் தூது அனுப்பினார். சூரன் கேளாத பின்னரே போர் நடந்தது. இறுதியில் மாமரமாகி நின்றவனை வேல் இரு கூறாக்கியது. அவ்விரு கூறும் மயிலும் சேவலுமாகி, வாகனமாகவும் கொடியாகவும் பெருமானிடமே சேர்ந்தன.

மனிதர் கையிலுள்ள எந்த ஆயுதத்துக்கும் இந்த ஆற்றல் கிடையாது. மனிதன் வீசிய வாள் பகைவனைக் கொல்லும். பகைவனை அடியவனாக்கி அருகிலே வைத்துக்கொள்ள அதனால் முடியாது. ஆதலால், சுவாமியின் கையில் ஆயுதம் இருப்பதைக் காட்டித் தன் கையிலும் ஆயுதம் எடுப்பதற்கு எவரும் நியாயம் சொல்ல இயலாது.

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மூலஸ்தானத்திலே வேல் எழுந்தருளியிருக்கின்றது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வழிபடப்படுவது வேலே. சந்நிதியானை அடியார்கள் அன்னதானக் கந்தன் என்று அன்போடு அழைப்பர். ஆலிலையிலே அமுது படைக்கும் மரபு அங்குண்டு. சூழவுள்ள மடங்களிலே பசித்து வந்தவர்களுக்குச் சோறு இடப்படுகின்றது. உள்ளே படையாகிய வேல். வெளியே பசி தீர்க்கும் அன்னம்.

அரிவாளும் உழவாரமும்

கணமங்கலத்திலே வாழ்ந்த தாயனார் நாள்தோறும் செந்நெல்லரிசிச் சோறும் செங்கீரையும் மாவடுவும் இறைவனுக்குப் படைத்து வந்தார். வறுமை வந்த பின்னரும் கூலிக்கு நெல் அறுத்து அத்தொண்டை நடத்தினார். ஒருநாள் படையலைக் கூடையிலே சுமந்து செல்லும்போது பசியினாலே கால் தளர்ந்து வீழ்ந்தார். அமுது முழுவதும் நிலவெடிப்பிலே கொட்டுண்டது. இறைவன் அமுது செய்யவில்லையே என்று வருந்தி, தம்மிடமிருந்த அரிவாளைக் கழுத்திலே பூட்டி அரியலானார். அப்போது நிலவெடிப்பிலிருந்து இறைவனின் திருக்கரம் வெளிப்பட்டு அவருடைய கையைப் பிடித்தது. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் கேட்டது. அவரே அரிவாட்டாய நாயனார்.

படையலை ஏற்றுக்கொண்ட இறைவனே படையைத் தடுத்தான். திருக்காளத்தியிலே கண்ணப்ப நாயனார் தமது மற்றைக் கண்ணையும் அம்பினாலே தோண்ட முற்பட்டபோதும் அத்திருக்கரமே வந்து பிடித்தது. அன்பின் மிகுதியாலே தம்மேல் எடுத்த கருவியைக்கூட இறைவன் தடுத்து நிறுத்தினான் என்றால், வெறுப்பினாலே பிறர்மேல் ஓங்கும் கருவியை எவ்வாறு விரும்புவான்?

திருநாவுக்கரசு நாயனாரைப் பல்லவ மன்னன் நீற்றறையிலே இட்டான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணித்துக் கடலிலே தள்ளினான். அரசனிடம் சேனை இருந்தது. நாயனார் கையில் இருந்தது ஆலயத்து வீதியிலே புல் செதுக்கும் உழவாரம் ஒன்றே. அதற்கும் பெரியோர் இட்ட பெயர் உழவாரப்படை. திருப்புகலூரிலே அவர் பணி செய்தபோது, உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றின. நாயனார் அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒன்றாகக் கொண்டு, உழவாரத்தால் ஏந்திக் குளத்திலே எறிந்தார். உயிர் எதனையும் வருத்தாத, பொன்னுக்கும் மயங்காத படை அது.

இன்றைய கைகள்

ஆயுதத்தால் வரும் துன்பத்தை வடக்கு, கிழக்கு மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஆனால் மண்ணுக்குள் கிடந்த மிதிவெடிகள் அதன் பின்னரும் கைகால்களைப் பறித்தன. அந்நிலங்களைத் துப்புரவு செய்தவர்களுள் பெண்கள் பலர். வெயிலிலே பாதுகாப்பு அங்கி அணிந்து, முழந்தாளிட்டு, வாரி போன்ற கருவியால் மண்ணைச் சிறிது சிறிதாகக் கிளறினார்கள். மற்றவர் அச்சமின்றிக் கால் வைப்பதற்காகச் செய்த அப்பணியையும் உழவாரத் தொண்டோடு வைத்தே எண்ணவேண்டும்.

இத்தனைக்குப் பின்னரும் இளைஞர் சிலர் வாள் ஏந்திய செய்திகள் நாளேடுகளிலே வந்தமை வேதனைக்குரியது. வெட்டுண்டவனின் கை போனால் ஒரு குடும்பத்தின் உழைப்பு போகின்றது. வெட்டியவன் மறியலுக்குப் போகின்றான். இருவரின் தாய்மாரும் ஒரே சந்நிதானத்திலே வந்து நின்று அழுகின்றார்கள்.

விஜயதசமியன்று மானம்பூத் திருவிழாவிலே வெட்டப்படுவது வாழை. அது அசுரனுக்கு அடையாளம். அந்த அசுரன் அவரவர் உள்ளத்திலே இருக்கும் ஆணவம். ஆயுத பூசையிலே மண்வெட்டி, தராசு, தையல் இயந்திரம், உழவு இயந்திரம், கணினி, பாடப்புத்தகம் யாவும் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. பிறர் பசியைத் தீர்ப்பதும் அறியாமையைப் போக்குவதும் வணக்கத்துக்குரிய ஆயுதங்கள் என்பதே அதன் கருத்து.

கொடியேற்றத்துக்கு முன்னர் வீதி செதுக்கவும், பந்தல் போடவும், அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கவும் ஆலயத்துக்குக் கைகள் வேண்டும். பெற்றோர் தமது பிள்ளைகளை அழைத்து வந்து மண்வெட்டி ஒன்றைக் கையிலே கொடுத்துப் பழக்குதல் வேண்டும். கையை இழந்தவர்களும் தொண்டுக்கு விலக்கானவர்கள் அல்லர். ஒரு கையால் வடம் பிடித்தாலும் தேரை இழுத்த புண்ணியம் முழுமையானதே.

ஞானவேல் ஏந்திய முருகப் பெருமான் எல்லோருடைய கைகளையும் படையல் இடும் கைகளாக்கி, இவ்வூரை அச்சமின்றி வாழவைத்தருள்வாராக.

சுபம்.