விலைபோனவரின் மானம்

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டைக்குத் துறைமுகப் பெருமை உண்டு. போர்த்துகீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் என எல்லோரும் இங்கே வணிகம் தேடி வந்தார்கள். ஆனால் அக்காலத்துச் சோழமண்டலக் கரையில் கப்பலேறியது துணி மட்டுமல்ல. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையைப் பஞ்சம் வாட்டியபோது, டச்சுக்காரர் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். ஊரிலேயே இருந்தவர்களிலும் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டவர்கள் உண்டு. அடிமை மேல் கொண்டாடும் உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று 1843ஆம் ஆண்டுச் சட்டம் சொன்ன பிறகும், கடனின் பெயரால் பண்ணையடிமை நீடித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று.

அப்படி அடிமைப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவர் தம் மரபைச் சொல்லிப் பெருமை கொள்ளலாமா? 'பழசை ஏன் கிளறுகிறாய்' என்று வீட்டுப் பெரியவர்களே அடக்குவதுண்டு. பிள்ளைகள் தலைகுனியக் கூடாதே என்ற பாசம் அது; குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த மௌனத்தில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. விலை பேசியவர் செய்த இழிவு, விலைபோனவர் பெயரில் பற்று வைக்கப்படுகிறது.

இன்னொரு தடையும் உண்டு. பாட்டன் பட்ட பாட்டைப் பேரன் மெச்சினால், பாடு படுத்தியதும் நியாயம் என்று ஆகிவிடாதா? கவனிக்க வேண்டிய கேள்விதான். பெருமை அடிபட்டதில் இல்லை. வாய்க்கால் வெட்டி, நாற்று நட்டு, தமக்கு மிஞ்சாத நெல்லையும் விளைவித்த கைத்திறனில் இருக்கிறது. அத்தனைக்கும் நடுவில் பிள்ளைக்குப் பாட்டையும் சாமியையும் விட்டுப்போன மனத்தில் இருக்கிறது.

சிதம்பரத்தில் 1916இல் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர், அதற்கு நந்தனார் பெயரை வைத்தார். கோபாலகிருஷ்ண பாரதி பாடிய நந்தனார், சிதம்பரம் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டு நின்ற பண்ணையாள். மறைக்க வேண்டிய பெயராக அதைச் சகஜானந்தர் எண்ணவில்லை. அந்தப் பெயரின் கீழ் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள்.

இந்த மரபைத் தலைநிமிர்ந்து சொல்லவைக்கும் கடமையில் பாதி ஊருக்கும், ஆண்டைகளாக இருந்தவர்களின் வழிவந்தோருக்கும் உரியது. கரையின் வணிகப் பெருமையைச் சொல்பவர், துணியோடு சென்ற மனிதரையும் சொல்ல வேண்டும். விற்றவர் வீட்டில் அந்தக் கதை ஒளிக்கப்படாதபோதுதான், விலைபோனவர் வீட்டுப் பிள்ளை அதைக் குரல் தாழ்த்தாமல் சொல்ல முடியும்.